ஆந்தைக்கு மூன்று நிமிடம்

செத்துப்போன மனிதரை நாலு பங்காகப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் பஸ் பணிமனையின் மேலாளர். கேட்பதற்கு இறைச்சிக்கடை சமாசாரம்போல இருந்தாலும் அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இருபத்தாறு வருடம் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த செல்லாண்ணன் மாரடைப்பில் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை கேண்டீன் கூடத்தில் நினைவுக் கூட்டம். பேசுகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேர் கையிலும் மைக்கைக் கொடுத்தால் மறுநாள் முதல் பஸ்ஸை எடுக்க ஆள் இருக்காது.

அதனால் நாலே பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். அண்ணனுக்குள் இருந்த சிங்கத்தைப் பற்றி ஒருவர், மயிலைப் பற்றி ஒருவர், புறாவைப் பற்றி ஒருவர். ஆந்தையைப் பற்றிப் பேச வேண்டியது, பதிவேட்டு அறையில் ஊழியர்களின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபைலக்கா. செய்தி காதில் விழுந்ததும் அவள் ஆந்தை மாதிரியே முழித்தாள்.

இந்த மிருகக்காட்சிசாலை எங்கிருந்து வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் டை கட்டிய பயிற்சியாளர் ஒருவர் வந்து, ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக், குமாஸ்தா என்று எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். வழியில் பஸ் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆட்களை அதட்டித் தள்ளவைப்பவர் சிங்கம். பாட்டுப் பாடிப் பொழுதைப் போக்குபவர் மயில். அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொள்பவர் புறா. ஓரமாக உட்கார்ந்து கையேட்டைப் புரட்டுபவர் ஆந்தை. ஒரு கேள்விக்கு ஒரே டிக். மனிதர்கள் அவ்வளவுதான் என்பது டை கட்டியவரின் தீர்ப்பு.

கணினி எல்லோரையும் ஏதோ ஒரு கூண்டில் அடைத்தது. அண்ணனின் தாளில் மட்டும் நாலும் சரிசமமாக வந்து, கணினி திணறிப்போய், 'செல்லாது' என்று அச்சடித்துத் துப்பியது. பணிமனை ஒரு வாரம் சிரித்தது. செல்லாதண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது தேய்ந்து செல்லாண்ணன் ஆயிற்று. புதிதாக வந்தவர்கள் செல்லப்பாவோ என்னவோ என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கணினியைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது சரியான விடையாகத்தான் பட்டது.

சிங்கத்துக்கு மூத்த ஓட்டுநரிடம் கதை தயாராக இருந்தது. ஓய்வறைக்கு ஒரு மின்விசிறி கேட்டு எழுதிய மனுக்களெல்லாம் மேலிடத்தில் பழுத்துக்கொண்டிருந்த ஒரு கோடையில், அண்ணன் அப்போதைய மேலாளரின் அறைக்கு ஏணியோடு போனார். பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி, அந்த ஆளின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திக் கழற்றிக்கொண்டுபோய் ஓய்வறையில் மாட்டிவிட்டார். பழுது பார்த்து முடிய நாலு மாதம் ஆயிற்று, அதாவது புது விசிறி வந்து சேரும்வரை.

மயிலுக்கு நடத்துநர் அம்மா. மூன்று பஸ்களின் ஹாரனைச் சுருதி சேர்த்து ஆண்டுவிழாவில் பாட்டு வாசித்த மனிதர் வேறு எங்கே உண்டு? அதே மேடையில் மேலாளர்கள் ஒவ்வொருவரின் நடையையும் நடந்து காட்டி, யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னவரும் அவர்தான். புறாவுக்குக் கேண்டீன்காரர். முதல் நாளே பஸ்ஸைச் சுவரில் இடித்துவிட்டு இருக்கையை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுத புது ஓட்டுநருக்காக, நசுங்கின இடத்தில் சாக்குக்கட்டியால் அழுமூஞ்சி பஸ் ஒன்றை அண்ணன் வரைந்தாராம். உன்னைவிட அது அதிகமாக அழுகிறது, இறங்கி வந்து சமாதானம் பண்ணு என்றாராம்.

ஆந்தைக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் ஃபைலக்காவின் தலைவலி. தினமும் பதினோரு மணிக்கு அண்ணன் பதிவேட்டு அறையின் ஜன்னலுக்கு வருவார், ஒரு ஜோக் சொல்வார், போய்விடுவார். அவர் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல வாயை மூடிக்கொண்டிருந்து அவள் பார்த்ததில்லை. மற்றவர்களிடம் விசாரித்தாள். மயிலே மயிலே என்றால் இறகு போடுமா? ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் மூன்று நிமிடம் நின்று என்னத்தைச் சொல்வது? மேடை என்றாலே அவளுக்கு ஆகாது.

ஏனென்றால் அவள் சான்றிதழ் பெற்ற ஆந்தை. நாற்பதுக்கு முப்பத்தேழு. அந்தத் தாள் வந்த சமயம் அவள் தற்காலிகப் பணியாளர். வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்க வேறு ஆளில்லை. பரீட்சையில் கோணலாக வந்தவர்களை நிரந்தரமாக்க மாட்டார்களாம் என்று எவரோ கிளப்பிவிட்டதில், எதற்கு எதை எழுதுவதென்றே புரியவில்லை. பஸ் நின்றால் என்ன செய்வாள்? அன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாள் என்பதைப் பொறுத்தது இல்லையா? சில கேள்விக்கு இரண்டு டிக் போட்டாள், சிலதற்கு நாலையும் போட்டாள். ஆனாலும் வந்த அட்டையில் ஆந்தை என்றிருந்தது. பொறுமைசாலி, தனிமை விரும்பி, விதி மீறாதவர், பதிவேட்டு அறைக்கு ஏற்றவர். வேலை நிரந்தரமாயிற்று.

படித்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், நமக்குத்தான் நம்மைத் தெரியவில்லை என்று அவள் நம்பிவிட்டாள். அதுவரை வாய் ஓயாத பெண். அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்தாள், மேடை என்றால் ஒதுங்கினாள். ஆண்டுவிழா வரும்போதெல்லாம், தங்கச்சி இந்த வருஷம் மேடைக்கு வரணும் என்று அண்ணன் வந்து நிற்பார். நான் ஆந்தை அண்ணே என்பாள். அவர் புரையேறும்வரை சிரிப்பார். அப்படி என்ன சிரிப்பு என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கியதே இல்லை.

புதன்கிழமை மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் மூன்று படிகள். அண்ணி தேநீர் கொடுத்தாள். வந்த காரியத்தைச் சொல்ல ஃபைலக்காவுக்கே கூச்சமாக இருந்தது. அண்ணன் எப்போதாவது சும்மா, பேசாமல் இருந்ததுண்டா என்று கேட்டாள்.

அண்ணி சிரித்துவிட்டாள். அந்த மனிதர் வீட்டில் பேசினால்தானே! வேலையிலிருந்து வந்ததும் பின்வாசல் படியில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்தால்தான் முகத்தில் உயிர் வருமாம். கூட்டம் என்றால் உள்ளங்கை வேர்க்குமாம். காலையில் கண்ணாடி முன் நின்று அன்றைய ஜோக்கை மூன்று தடவை ஒத்திகை பார்ப்பாராம். எழுந்துபோய் ஒரு தடித்த நோட்டை எடுத்துவந்தாள். பணிமனையில் ஆளுக்குச் சில பக்கங்கள். யாருக்கு எந்த ஜோக் சொல்லியாயிற்று என்ற பட்டியல், சொன்னதற்கு எதிரே ஒரு சின்னப் பெருக்கல் குறி. ஒருவருக்கே ஒரு ஜோக்கை இரண்டாம் தடவை சொல்லிவிட்டால் மானம் போய்விடும் என்று பயமாம்.

"அப்புறம் ஏன் அண்ணி இவ்வளவு சிரமப்பட்டாரு?"

"நானும் கேட்டிருக்கேன். எல்லாரும் முகத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னாரு."

தன்னுடைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க ஆசை வந்தது. ஆனால் அனுமதியில்லாமல் பிறர் கோப்பைப் பார்க்கக் கூடாது என்பது விதி. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அந்த விதியை அவள் உடைத்தாள். அதையும் முறைப்படிதான் உடைத்தாள். அண்ணனின் கோப்பைக் கேட்டுத் தனக்குத்தானே ஒரு சீட்டு எழுதி, கேட்டவர் இடத்திலும் கொடுத்தவர் இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டாள். எந்தெந்தக் கேள்விக்கு அண்ணன் ஆந்தைக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார் என்று பார்த்தால் பேச நாலு வரியாவது கிடைக்குமே என்பது கணக்கு.

புகழ்பெற்ற அந்தச் செல்லாத தாள், கோப்பின் அடியில் இருந்தது. மேலே அண்ணனின் பெயர், அவருடைய கையெழுத்தில். கீழே டிக்குகள் அள்ளித் தெளித்தாற்போலக் கிடந்தன. ஒவ்வொன்றின் வாலும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அந்தப் பணிமனை முழுவதிலும் இடது கையால் எழுதுகிறவள் ஒருத்திதான்.

தன் கோப்பை இழுத்தாள். அதிலிருந்த தாளில் டிக்கே இல்லை. முப்பத்தேழு சின்னப் பெருக்கல் குறிகள், ஆந்தைக் கட்டத்தில், வரிசை பிசகாமல். மேலே அவள் பெயர், அதுவும் அண்ணன் கையெழுத்தில். அன்றைக்கு மைக்கைச் சரிபண்ண வந்த அண்ணனிடம்தான் தாள்களை வாங்கித் தரச் சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் அவள் பெயர் எழுத மறந்ததும், நான் எழுதிக்கிறேன் தங்கச்சி என்று அவர் வாங்கிக்கொண்டு போனதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது.

அண்ணனின் கோப்பில் இன்னும் இரண்டு குறிப்புகள் இருந்தன. மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு முறை அவர் பெயர் போயிருக்கிறது. இரண்டு முறையும் ஒரே வரியில் திரும்பியிருக்கிறது: 'குணம் தெளிவாக இல்லை. பார்க்க: பயிற்சித் தாள்.' ஃபைலக்கா அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். கோபமும் வந்தது. இவருக்கு யார் சொன்னது இப்படிச் செய்ய? பதினான்கு வருடம் தினமும் பதினோரு மணிக்கு வந்து நின்றாரே, ஒரு வார்த்தை சொன்னாரா?

அழுது முடித்ததும் பயம் வந்தது. சொன்னால் வேலையே பொய்த் தாளில் வாங்கியது என்று ஆகும். சொல்லாவிட்டால் செத்தும் அந்த மனிதர் செல்லாதவராகவே இருப்பார். பொறுமைசாலி, விதி மீறாதவர் என்று தனக்குப் போட்டிருந்த அடைமொழிகள் யாருடையவை என்பது வேறு இப்போது தெரிந்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. சிங்கம் நன்றாகப் போயிற்று, மயிலுக்குக் கைதட்டல், புறாவுக்கு மூக்கு உறிஞ்சல். பிறகு ஃபைலக்கா மைக்கின் முன்னால் வந்து நின்றாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். பிறகு, அண்ணன் போன மாதம் ஜன்னலில் சொன்ன கடைசி ஜோக்கைச் சொன்னாள். இந்த பஸ் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டாராம். எங்கேயும் போகாது, பேட்டரி என் கையில இருக்கு என்றாராம் எலக்ட்ரீஷியன். சொல்லும்போது அண்ணன் செய்வதுபோலவே ஒரு தோளைத் தூக்கிக் காட்டினாள். கூடம் அதிர்ந்தது. இந்த ஒரு வரிக்கு அவர் காலையில் கண்ணாடி முன் மூன்று தடவை நின்றிருக்கிறார் என்று அவள் சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்றது.

பின்வாசல் படியைச் சொன்னாள், நோட்டைச் சொன்னாள், வேர்க்கிற உள்ளங்கையைச் சொன்னாள். மேலாளர் எழுந்து மேசைமணியைத் தட்டினார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

"உட்காருங்க சார். நான் இன்னும் முடிக்கல."

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேலாளர் உட்கார்ந்தார். மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் செல்லாத தாள் என்னோடது," என்றாள். "அண்ணன் அசல் ஆந்தை. கூட்டத்தைக் கண்டா பயந்தவரு. நம்மகிட்ட வெறுங்கையோட வரக் கூடாதுன்னு மத்த மூணையும் கத்துக்கிட்டு வந்தாரு. என் வேலை போகக் கூடாதுன்னு என் தாளைத் தன்னோடதுன்னு கொடுத்தாரு. அதுக்காக ரெண்டு தடவை பதவியை விட்டுக் கொடுத்திருக்காரு. தாள் ரெண்டும் இதோ இருக்கு. என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

மேலாளர் தாள்களை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இந்த இரண்டையும் தன் அறைக்கு எடுத்துப்போவதாகவும், சட்டம் போட்டுத் தன் விசிறிக்குக் கீழே மாட்டப்போவதாகவும் சொன்னார். அந்த விசிறியையும் யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்போதுதான் கூடம் மூச்சு விட்டது. பின்வரிசையிலிருந்து மூத்த ஓட்டுநர் எழுந்து, "அப்படின்னா இனிமே நீங்கதான் செல்லாக்கா" என்றார். பெயர் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

கூட்டம் கலைந்தபோது அண்ணி அவளிடம் வந்து நோட்டைக் கையில் வைத்தாள். பக்கம் மடித்திருந்தது. தலைப்பில் 'ஃபைல் தங்கச்சி'. ஜோக்குகள் பக்கம் பக்கமாகப் போயின, எல்லாவற்றுக்கும் எதிரே பெருக்கல் குறி. கடைசி வரிக்கு மட்டும் இல்லை. அதில், 'தாள் மாத்தின கதை. அவங்க ரிட்டயர் ஆகிற அன்னைக்குச் சொல்லணும். மேடையில. சிரிப்பாங்களா?' என்று எழுதியிருந்தது.

அவள் நடத்துநர் அம்மாவிடம் பேனா வாங்கி, கேண்டீன் மேசையில் நோட்டை வைத்து, அந்த வரிக்கு எதிரே இடது கையால் ஒரு டிக் போட்டாள்.