'ஏலே' ஏலமான கதை

கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைத் தொட்டு, ஊருக்கே கேட்கும்படி சத்தியம் பண்ணுகிறேன்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இலவச மென்பொருளைக் கட்டி மேய்க்கிறவன், பொதுக்கிணற்றுக்கு வாளி கட்டினவன் மாதிரி. குடிக்கிறவன் எவனும் கண்ணில் படமாட்டான், கயிறு அறுந்தால் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

முதலாளி இல்லாத கடை

போனில் தமிழ் அடித்தால் பிழை திருத்தித் தரும் விசைப்பலகை எங்களுடையது. உள்ளே எப்படி ஓடுகிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏழு தேசத்தில் ஏழு பேர் சும்மாவே உழைக்கிறார்கள். ஒருத்தர் முகமும் நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் இதையெல்லாம் கேட்டுவிட்டு யோசித்தார். "சம்பளமும் இல்ல, முதலாளியும் இல்ல. அப்ப லீவு வேணும்னா யார்ட்ட அண்ணாச்சி கேப்பீய?"

கூட்டத்தில் போட்ட ஒப்புதல்

அந்த ஏழு பேரில் ஒருத்தர், ஜெர்மனியில் இருக்கும் குமரன், சென்னைப் பிள்ளை. மரியாதைக் குறைவான சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அகராதியிலிருந்து நீக்கலாமா என்று அனுப்பினார். நான் ஒப்புதல் பொத்தானை அமுக்கினால்தான் எதுவும் நடக்கும். அன்றைக்கு அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் போன், முதுகில் ஊர் ஜனம். அமுக்கிவிட்டேன். பட்டியலில், நம்ம பக்கம் பாசமாகக் கூப்பிடுகிற 'ஏலே'யும் இருந்ததை யார் கண்டது? குமரனிடமிருந்து உடனே பதில் வந்தது: "இவ்வளவு வேகமாகப் படிப்பீர்கள் என்று தெரியாது, அய்யா."

சாமி கிடா

'ஏலே' போய்விட்டதால், அதை அடித்தால் விசைப்பலகை பக்கத்துச் சொல்லான 'ஏலம்' என்று திருத்தியது. பனவடலிசத்திரத்து மாடசாமி, சுடலைமாடனுக்கு நேர்ந்த கிடா இரண்டு நாளாக இரை எடுக்கவில்லை என்று ஆட்டுக்காரர்கள் குழுவில் எழுதினார்: 'ஏலே மக்கா, நம்ம கிடாவ வந்து பாருங்க.' போனது, 'ஏலம் மக்கா.' விடிந்தால் நாற்பது மோட்டார் பைக். கரிவலம் பஸ்ஸே வழிமாறி வந்து நின்றது என்றால் பாருங்கள்! கூட்டத்தைக் கண்ட கிடா தெம்பாகி, மேலநீலிதநல்லூர் வியாபாரியின் துண்டைத் தின்றது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். எழுதிக் கூப்பிட்டதால் கிடா இல்லாமல் போக மாட்டாராம். விசைப்பலகை நம்மது என்று தெரிந்ததால் மாடசாமி எனக்குப் போன் போட்டு அழுதார். "இதக் குடுத்தா சுடலை என் வீட்டுக்குல்லா வருவாரு, அண்ணாச்சி!"

மறுபடி நடத்திக் காட்டு

மாடசாமி ஊருக்கு ஜெபராஜ் பைக்கில் தொற்றிக்கொண்டே, 'ஏலே' ஏலமாகிறது என்று குமரனுக்கு எழுதினேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: பிழை என்று சொன்னால், அதை மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். அதைத்தான் அவரும் கேட்டார். போய் இறங்கி இதைச் சொன்னதும் மாடசாமி கொதித்தார். "அவருக்குக் காட்ட இன்னொரு மட்டம் ஏலம் விடணுமா?"

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. வியாபாரியிடம், "உம்ம போன்ல 'ஏலே'ன்னு அடியும் வே" என்றேன். அவர் போனிலும் நம்ம சரக்குதான். அடித்தார், 'ஏலம்.' மூன்று தரம் அடித்தார். மூன்று தரமும் ஏலம். கயிறு தானாகக் கைநழுவியது. "அய்யய்யோ, காலையில மச்சினனுக்கு 'ஏலே, வீட்டப் பாத்துக்கோ'ன்னுல்லா போட்டேன்!" என்று ஓடினார்.

அழியாத பதிவு

குமரன் அன்றைக்கே 'ஏலே'யைத் திரும்பச் சேர்த்தார். கூடவே ஒரு வரி: "நீக்க ஒப்புதல் கொடுத்தவர் என்று உங்கள் பெயர் பதிவில் இருக்கிறது, அய்யா, அதை அழிக்க வழியில்லை." ஒன்றும் அறியாத மாடசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிடாவக் காப்பாத்துன தெய்வம் நீங்கதான். சுடலை கோயில் கொடையில தொடைக்கறி உங்களுக்குத்தான்!"

எல்லாரும் திறந்து பார்க்கிற மென்பொருள்தான் என்றாலும், அந்தத் தொடைக்கறி என் இலையில் விழும்வரை மாடசாமி அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறக்கக் கூடாது, அதனால் இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.