தண்ணீர் புகாத அரண்மனை

“ஆணியே இல்லாம அரண்மனையா? உங்க மாமன் மலேசியாவுல குந்திகினு நல்லா ரீல் சுத்தறான்” என்றார் அப்பா. காசிமேட்டில் மரப்படகு கட்டுகிறவர். ஆணியைக் குறைசொன்னால் அவரையே சொன்ன மாதிரி.

மாமா அப்போது அங்கே ஒரு பழைய மலாய் அரண்மனையைப் பழுதுபார்க்கும் ஆட்களோடு சாரம் கட்டிக்கொண்டிருந்தார். தூணில் துளைபோட்டு, உத்தரத்தைச் செருகி, மர ஆப்பு அடித்து நிறுத்துகிறார்கள். அந்த ஊர்த் தச்சர்கள் இன்றைக்கும் அப்படித்தான் என்று அம்மாவின் போனுக்கு வீடியோ அனுப்பினார். வீடியோவையும் அப்பா நம்பவில்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு அந்த அரண்மனையையே செய்வதாக நான் பெயர் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் ஏழாவது படிக்கும் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அப்பா படகுத் துண்டு மரங்களை எடுத்து, வீடியோவில் கண்டபடியே ஆணியில்லாமல் பொருத்த உட்கார்ந்தார். “இது மட்டும் வுய்ந்துச்சு, உன் தம்பி இந்த வூட்டுல இனிமே வாயே தொறக்கக் கூடாது” என்று அம்மாவிடம் சவால் விட்டார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தம்பி பொய்யன் என்று ஆகிவிடுமே.

விழவில்லை. அப்பாவே அதன்மேல் சுத்தியலை வைத்துப் பார்த்தார். அசையவில்லை.

ஆனால் காலையில் பார்த்தால், வீடியோவில் இருந்தபடி நான் சுவர்களில் குடையச் சொன்ன பூத்துளைகள் ஒன்றையும் காணோம். படகுக்கு அடைப்பதுபோல் பஞ்சுத் திரியும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தார்.

“ஓட்டையோட அனுப்பிச்சா காசிமேட்ல என் பேரு இன்னா ஆவறது?”

பள்ளியில் டீச்சர், “காத்து எப்படிம்மா உள்ள வரும்?” என்று கேட்டார்.

“காத்து வராது மிஸ். தண்ணியும் வராது” என்றேன் பெருமையாக. நிரூபிக்க வாளித் தண்ணீரில் விட்டேன். அரண்மனை மிதந்தது; ஒரே கைதட்டல். ஓட்டையை அடைக்காவிட்டாலும் படகு மரம் மிதக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் மாமா வீடியோ காலில் விழுந்து விழுந்து சிரித்தார். “அது அரண்மனை மச்சான், படகு இல்ல!”

“அத்த வுடு. ஆணி இல்லாம நின்னுச்சா இல்லியா?” என்று அப்பா மார்தட்டினார். தன் சவாலில் தானே தோற்றதை அவர் கவனிக்கவில்லை. அம்மா கவனித்துவிட்டு, அவர் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள்.

ராஜாவின் தச்சர்கள் அடைக்க மறந்ததை அப்பா சரிசெய்துவிட்டார் என்றே வெகுநாள் நம்பினேன். காற்று வந்துபோக அவ்வளவு நுணுக்கமாக வழி விடுவதுதான் அவர்களுடைய தொழில் என்பது கட்டடக்கலை படிக்கப் போன பிறகுதான் புரிந்தது. இப்போது மலேசியாவிலேயே மரச்செதுக்குப் பட்டறை ஒன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நேற்று விமான டிக்கெட் எடுத்துவிட்டேன், அப்பாவுக்கும் சேர்த்து.