போஸ்ட் தெருவில் யூலலி இருந்த வீடு

யூலலி சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியது 1943 மார்ச்சில். வயிற்றில் ஏழு மாதம். லூசியானாவிலிருந்து நான்கு நாள் ரயில். பாதி தூரம் நின்றுகொண்டே வந்திருந்தாள். கணவன் க்ளோவிஸுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை கிடைத்திருந்தது. வீடுதான் கிடைக்கவில்லை. கறுப்பர்களுக்கு வாடகைக்கு விடும் தெருக்கள் அந்த ஊரில் நாலைந்துதான். கடைசியில் ஃபில்மோர் பக்கம் போனார்கள். ஜப்பானோடு யுத்தம் மூண்டதால், அங்கிருந்த ஜப்பானியக் குடும்பங்களை முந்தின வருஷம்தான் ராணுவம் பேருந்துகளில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோயிருந்தது.

போஸ்ட் தெருவில் மாடி வீடு ஒன்று அமைந்தது. கீழே பூட்டிக் கிடந்த சலவைக் கடை. கண்ணாடியில் ஹமாசாகி என்ற பெயரை யாரோ பாதி சுரண்டியிருந்தார்கள்.

"நிலவறைப் பக்கம் மட்டும் போகாதீங்க. அவங்க சாமானெல்லாம் அங்கதான் கெடக்கு. திரும்பி வருவாங்களோ மாட்டாங்களோ, யாரு கண்டா?" என்றான் தரகன்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஓடெட் என்று பெயர் வைத்தார்கள். டிசம்பரில் அதற்கு மார்ச்சளி கண்டது. ஒரு வாரமாக விடாத மழை. தொட்டால் சுவர்கூட நனைந்திருந்தது. நிலக்கரி தீர்ந்துபோயிற்று, கடையிலும் இல்லை. க்ளோவிஸ் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், குழந்தையின் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்கமுடியாமல் யூலலி சுத்தியலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நிலவறைப் பூட்டை உடைத்தாள். பெரிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே இருந்த பட்டு உடைகளையும் புகைப்படங்களையும் பத்திரமாக ஓர் ஓரத்தில் அடுக்கிவிட்டு, பெட்டியைப் பிளந்து அடுப்பில் போட்டாள்.

பெட்டி இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் ஓடெட் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு யூலலி நிலவறைப் பக்கமே போகவில்லை. அந்த மழையில் தண்ணீர் உள்ளே வந்ததும் அவளுக்குத் தெரியாது.

யுத்தம் முடிந்த வருஷம், அக்டோபரில், ஒரு பெண் கையில் பெட்டியோடு படியேறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நான் கிகுவே ஹமாசாகி."

"வாங்க, உக்காருங்க," என்றாள் யூலலி பதறிப்போய்.

"என் வீட்டுல என்னையே உக்காரச் சொல்றீங்களா? நல்லாருக்கு."

நேராக நிலவறைக்குப் போனாள். யூலலியும் க்ளோவிஸும் பின்னால் போனார்கள். துணிகள் கறுத்துப் பூசணம் பூத்துக் கிடந்தன. புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. பிரிக்கப் பார்த்ததில் முகங்கள் உரிந்து வந்தன.

"பெட்டிய எரிச்சது நான்தாங்க," என்றாள் யூலலி. "பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. வெறகு இல்ல. படத்தையெல்லாம் ஓரமாத்தான் வச்சேன். தண்ணி வரும்னு நெனைக்கல."

"எங்கம்மா முகாம்லயே போய்ச் சேந்துட்டாங்க. அவங்க முகம் இதுல மட்டுந்தான் இருந்துச்சு." கிகுவே அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "பிள்ளை எங்க?"

யூலலி குனிந்து, பூசணம் பூத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"தங்கலீங்க," என்றான் க்ளோவிஸ்.

அன்று சாயங்காலமே காலி செய்யச் சொல்வாள் என்று யூலலி பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். கிகுவே வாசலில் வந்து நின்றாள். "அதெல்லாம் எடுத்து வைங்க. நான் கீழ கடையிலயே படுத்துக்கறேன். ஒத்தைக் கட்டைக்கு இத்தனை ரூம் எதுக்கு?"

பதினேழு வருஷம் அப்படியே ஓடியது. யூலலி சமையலறையிலேயே பெண்களுக்குத் தலைவாரி விட ஆரம்பித்தாள். இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து சுருட்டை முடியை நீவி நேராக்கி விடுவாள். சனிக்கிழமைகளில் படிக்கட்டு நிறையப் பெண்கள்.

"யாரு தலைய வறுக்கறீங்க மேல? நாத்தம் தாங்கல!" என்று கீழேயிருந்து குரல் வரும்.

"நீங்க ஊரான் சட்டையெல்லாம் வேகவைக்கறீங்களே, நாங்க ஏதாச்சும் கேட்டமா?"

படிக்கட்டே சிரிக்கும். யூலலிக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

1962இல் நகர நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. இது பாழடைந்த பகுதி, இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம், எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

"பாழடைஞ்சதா? போன மாசந்தானே ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடிச்சோம்!" என்றாள் யூலலி.

"போன தடவை முகாமுக்கு ஏத்தறப்ப ஆளுக்கு ரெண்டு பைதான்னாங்க," என்றாள் கிகுவே. "இந்தத் தடவை எவ்வளவு வேணாலும் எடுத்துக்கலாமாம். மரியாதை கூடிப்போச்சு நமக்கு."

கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள். க்ளோவிஸ் பேச எழுந்தவன், கப்பல் தளத்துத் தூசி நுரையீரலில் அடைத்திருந்ததால் இருமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் கிகுவே வீட்டை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சாக்ரமென்டோவில் இருந்த அவள் தம்பி கார் கொண்டுவந்தான். புறப்படும்போது யூலலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பெட்டி..."

"அத நான் மன்னிக்கல, யூலலி. மன்னிக்கப் பாத்தேன், வரல. ஆனா உன்ன மாதிரி ஒருத்தி எனக்கு இனிமே கெடைக்க மாட்டா." சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

யூலலி குடும்பத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்: புதுக் கட்டடம் வந்ததும் முதல் உரிமை உங்களுக்கு. இரண்டு மூன்று வருஷம் பொறுத்தால் போதும் என்றார்கள். ஊரின் தென்கோடியில், யுத்தகாலத்தில் அவசரத்துக்குப் போட்ட குடியிருப்பில் ஒண்டிக்கொண்டார்கள். தலைவாரிக்கொள்ள வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். போஸ்ட் தெரு மனை வேலிக்குள் புல் முளைத்து வெறுமனே கிடந்தது. க்ளோவிஸ் ஐந்து வருஷம் மூச்சுக்குத் தவித்துச் செத்துப்போனான். கடைசி வாரம்கூட, "லெட்டர் வந்துச்சா, யூலா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கடிதம் 1974இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை உடையை உடுத்திக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். மேஜைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் அந்தச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும்மா. அவர் வந்திருக்காரா?"

"அவர் செத்து ஏழு வருஷம் ஆச்சு."

"அப்ப இது செல்லாதும்மா. நீங்க புதுசா எழுதிக் குடுங்க. உங்களுக்கு முன்னால ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்க."

"அந்த வீட்டுலதாம்மா நான் பிள்ளை பெத்தேன்."

"எனக்குப் புரியுதும்மா," என்றாள் அந்தப் பெண். அவளுக்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது.

யூலலி போஸ்ட் தெருவுக்கு நடந்தாள். தெருவே அடையாளம் தெரியவில்லை. மூலை எது, படிக்கட்டு எங்கே இருந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிய அங்காடியில் ஜப்பானியக் காகித விளக்குகள் தொங்கின. கால் வலித்ததால் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தாள்.

கோப்பையை வைத்த பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பக்கம் இதான் மொதல் தடவையா?"

"ஆமாம்மா," என்றாள் யூலலி.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். ஃபில்மோர் பக்கம் போகும் பேருந்தில் ஏறவே இல்லை.