பரம்பரையாக இவ்வூரில்...

மனு எழுதுகிற தொழிலில் பேனாவுக்கு மை தீர்ந்துபோகும், ‘பணிவுடன்’ மட்டும் தீரவே தீராது. ‘நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு ஏதாவதொரு ஆபீசிலிருந்து திரும்பிய நீங்களும் எனக்கு உறவுதான் என்பதால், எண்பதுகளில் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் வாசலில் நான் பட்ட பாட்டைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

பழக்க தோஷம்

கனகம்மா டீச்சர் மன்னாரிலிருந்து படகேறித் தப்பி வந்தவர். கூடவே ஆறு மாதக் கர்ப்பிணியான மகள். மருமகனைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அகதி முகாமுக்கு அனுப்பாமல் இங்கேயே வாடகை அறையில் தங்க அனுமதி வேண்டும். அப்போது மாவட்டத் தலைநகராக இருந்த வேலூரிலிருந்து முடிவு வர வேண்டும். மறுத்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துக்கொண்டு எங்கோ தூரத்து முகாமுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கிளார்க் என்னைக் கூப்பிட்டு மனுவை மேஜைமேல் போட்டார். பத்து வருஷமாக எல்லா மனுவுக்கும் எழுதுகிற முதல் வரியை என் கை இதற்கும் எழுதியிருந்தது: ‘நான் பரம்பரையாக இவ்வூரில் வசித்து வருகிறேன்.’

“பரம்பரையா இங்கியே இருக்கறவங்க எதுக்குய்யா அகதின்னு மனு போடறாங்க? உனக்கு எதுனா ஆயிடுச்சா?”

சாட்சி

புது மனுவுக்கு உள்ளூர்க்காரர் இருவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தெருவில் சொன்னேன், பதினொரு பேர் வந்து நின்றார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இட்லிக் கடை ராஜம்மாவைப் பிடித்து, “இவங்க நல்லவங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று அதட்டினார்.

“நேத்து சட்னியில உப்பு கம்மின்னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க சார். இந்தத் தெருவுல வேற யாருக்கு அந்த தைரியம் இருக்குது?”

பௌர்ணமி விசாரணை

டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டில் வெளியாள் எத்தனை பேர் என்று பார்க்க வருவாய் ஆய்வாளர் வந்தது, பார்த்துப் பார்த்து ஒரு பௌர்ணமியன்று. கிரிவலத்துக்கு வந்த ஜனம் கூடம் முழுக்கக் கால் நீட்டிக் கிடந்தது. “இதுல அகதி யாரு?” என்றார் ஆய்வாளர். வீட்டுக்காரர் கைகட்டிச் சொன்னார்:

“சொல்லிட்டு வந்தவங்க அந்த டீச்சரும் பொண்ணும்தான் சார். மத்ததெல்லாம் என் சொந்தக்காரங்க.”

முடிவு

வேலூருக்குப் போன மனு அங்கேயே குடியேறிவிட்டது போலிருந்தது. மகளுக்கு மாதம் ஏற ஏற நான் தினமும் கிளார்க்கின் மேஜைமுன் போய் நின்றேன். என் முதல் தப்பால் போன நாட்களை நினைத்துச் சோறு இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் பேரன் பிறந்து பதினாறாம் நாள்தான் அனுமதி வந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு ஓடினேன். டீச்சர் இரண்டு முறை படித்துவிட்டு அழுதார். நானும் அழுதேன், கண்ணில் தூசி என்று சமாளித்தேன். பிறகு பேரனை என் மடியில் வைத்துச் சொன்னார்:

“இவனுக்கும் எப்பவாவது ஒரு மனு எழுத வேண்டி வரும் தம்பி. அப்ப அந்தப் பழைய வரியையே போடுங்கோ. பரம்பரை இவனிலயிருந்து துவங்கட்டும்.”

என் தொழிலில் நான் செய்த தப்புகளில், கொஞ்சம் முந்திவிட்டேன் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாதது அந்த ஒரு வரிதான்.