ரொட்டி டின் தேடிக் கொடைக்கானலுக்கு

சனிக்கிழமை காலை 6.20. பழனி பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது. எல்லோரும் ஜன்னல் இருக்கைக்கு முண்டியதால் நான் கேட்ட உள்பக்க இருக்கை சிரமமில்லாமல் கிடைத்தது. தூரம் அறுபத்து நான்கு கிலோமீட்டர், கட்டணம் அறுபத்தெட்டு ரூபாய், மூன்று மணி நேரப் பயணம். மடியில் செய்தித்தாளில் சுற்றிய நீளமான இரும்பு டின் ஒன்று இருந்தது. அதைப் போல் இன்னொன்று வாங்கி வருவதற்காகத்தான் போனேன்.

டின் என் மகள் கார்த்திகாவுடையது. அவளுக்கு இருபத்து நான்கு வயது. மலைவாழைப்பழத்தை மாவில் பிசைந்து அவள் சுடும் ரொட்டி, சனிக்கிழமைதோறும் கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பேக்கரி ஒன்றுக்கு விற்பனைக்குப் போகும். அவளே கொண்டு போவாள். நான்கு மாதங்களுக்கு முன் அவள் திரும்பி வந்த வாடகை வேன், சவரிக்காட்டுக்குக் கீழே ஒரு வளைவில் பாறையில் மோதியது. வலது மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்கள் சரியாக மடங்கவில்லை. "மாவு பிசையச் சொல்லுங்க, அதவிட நல்ல பயிற்சி இல்ல. இப்ப வேலை வாங்கலேன்னா கை இப்படியே நின்னுரும்" என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். கார்த்திகா அடுப்படிக்குள் போவதே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "டின் ஓட்டையாக் கெடக்கு."

ஓட்டையாக்கியது நான்தான். எங்கள் குடும்பத்துக்குக் கோயில் மண்டபம் ஒன்றில் விளக்குத் துலக்கும் ஊழியம் தலைமுறைகளாக இருந்தது. நான் படித்து அலுவலக வேலைக்குப் போனவன். ஆனாலும் கரி பிடித்த பாத்திரம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மகள் மதுரை மருத்துவமனையில் கிடந்தாள், மனைவி துணைக்கு இருந்தாள். ஓர் ஆளுக்கு மேல் அனுமதி இல்லை என்று என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தனியாக என்ன செய்வது? விளக்குகளைத் துலக்கினேன். செம்புகளைத் துலக்கினேன். பிறகு அந்த டின்னைப் புளித் தண்ணீரில் ஊறப்போட்டு, செங்கல் பொடி வைத்து அரை நாள் தேய்த்தேன். அவள் வீட்டுக்கு வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆறு வருடம் எண்ணெயும் சூடும் ஏறி உறைந்த கறுப்பு அது. அதனால்தான் ரொட்டி ஒட்டாமல் வரும் என்று எனக்குத் தெரியாது. அடியில் ஏற்கெனவே தேய்ந்திருந்த மூலையை அந்தக் கறுப்புதான் பிடித்து வைத்திருந்தது என்பதும் தெரியாது. மூலை பிரிந்துவிட்டது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏம்ப்பா இதத் தொட்டீங்க?" என்றாள்.

7.05. வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. பக்கத்தில் ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு வந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். சவரிக்காடு நெருங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னண்ணே, ஊரு உலகமே மலையப் பாக்கக் காசு குடுத்து வருது. நீங்க காசு குடுத்துட்டு கண்ண மூடுறீங்க?"

"தலை சுத்துது."

"எலுமிச்சங்கா இருந்தா மோந்து பாக்கலாம். எங்கிட்ட கொய்யாதான் கெடக்கு. இதத் தின்னா தல சுத்தாது, வயிறுதான் சுத்தும்."

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மேல என்ன சோலி?" என்று கேட்டார். ரொட்டி டின் வாங்கப் போகிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

9.15. பெருமாள்மலை தாண்டி மூஞ்சிக்கல் வந்தது. அங்கேயே இறங்கியிருக்கலாம். கார்த்திகாவின் ரொட்டியை விற்ற ஆரோக்கியமேரியின் பேக்கரி சாலை ஓரத்திலேயே இருக்கிறது. விபத்து நடந்த அன்று அந்த அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க கடைக்கு வந்துதான் எம்புள்ள கை போச்சு" என்று கத்தியிருந்தேன். இறங்காமல் பேருந்து நிலையம் வரை போனேன்.

கடைத்தெருவில் நான்கு பாத்திரக் கடைகள் ஏறி இறங்கினேன். இதய வடிவத்தில், பூ வடிவத்தில், ரப்பர் போல மடங்கும் சிவப்பு அச்சுகள் முந்நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. இரும்பு டின் என்றதும், "அந்த மாடலே வர்றதில்ல சார்" என்றார்கள். ஒருவர் பழைய சாமான் கடைக்கு வழி சொன்னார்.

11.10. இங்குள்ள பள்ளிகளின் வெளிநாட்டு ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போகும்போது விற்கும் சாமான்கள் வந்து சேரும் கடை அது. என் டின்னுக்கு உடன்பிறந்தவை போல் மூன்று சுவரில் தொங்கின. மனது துள்ளியது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஆணி மாட்டத் துளை போட்டிருந்தது. விலை ஆயிரத்து எண்ணூறு.

"ஓட்டை போட்டுட்டீங்களே?"

"ஓட்டை போட்டாத்தான் சார் போகுது. தங்குற விடுதிக்காரங்க செவுத்துல மாட்ட வாங்கிட்டுப் போறாங்க. இதுல யாரு இப்ப ரொட்டி சுடுறா?"

ஓட்டை டின்னுக்கு விலை இருக்கிறது என்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

12.30. வேறு வழியில்லாமல், அந்த அம்மாளிடமே கேட்டுப் பார்ப்போம் என்று மூஞ்சிக்கல்லுக்கு இறங்கி நடந்தேன். ஆரோக்கியமேரி கல்லாவில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. நான் யாரென்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கத்துறதுக்கு நேர்லயே வந்துட்டீங்களாண்ணே?"

செய்தித்தாளைப் பிரித்து டின்னை மேசையில் வைத்தேன். வெள்ளியாக மின்னியது. அவர் விரலால் தடவி, மூலையைப் பார்த்தார்.

"புளி போட்டீங்களா?"

"ஆமா."

"அவ சொல்லுவா. எங்கப்பா தேய்ச்சுத் தேய்ச்சே வீட்டுக் குத்துவிளக்கு ஒரு இஞ்சு கொறஞ்சிருச்சும்பா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவித்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மகளின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். உள்ளே போய், கன்னங்கரேலென்று ஒரு டின்னைக் கொண்டு வந்தார். அதே நீளம், அதே மடிப்பு. ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு ஆசிரியை வீட்டில் அவரும் கார்த்திகாவும் ஆளுக்கொன்றாக வாங்கிய ஜோடியாம். பணப்பையை எடுத்தேன்.

"உள்ள வைங்க. இது விக்கிறதுக்கில்ல. அவளுக்குச் சும்மாவே தர்றேன். ஆனா அவ வரணும். என் அடுப்புல ஒரு தடவ சுட்டுட்டு எடுத்துட்டுப் போகட்டும்."

"அந்த ரோட்டுல அவ எப்படி வருவா?"

"நீங்க வந்தீங்கல்ல?"

எவ்வளவு கெஞ்சியும் மசியவில்லை. கோபத்தில் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

2.40. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகாதான் எடுத்தாள். டின் இருக்கிறது, ஆனால் நீயே வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம் என்றேன்.

"வேண்டாம்பா" என்றாள்.

"டின் இல்லாமத்தானே நீ..."

"அது ஓட்டையானப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுப்பா. ரொட்டி சுட்டா கொண்டுட்டுப் போகணும். போகணும்னா அந்த வளைவுல ஏறணும். டின் இல்லேன்னா யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

"கை அப்படியே நின்னுரும்மா."

"எடது கை இருக்குல்ல."

'நான் கூட வருகிறேன், நாளைக்கே போவோம்' என்று சொல்ல வேண்டும். அதே சாலையில் ஏறி வந்த ஆள் நான், சொல்லத் தகுதியும் இருந்தது. நான் சொன்னது, "சரிம்மா."

யோசித்துச் சொன்னதில்லை. அவள் இனி அந்தச் சாலையில் ஏற மாட்டாள் என்று கேட்டதும் நான்கு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அவள் விரல்களின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

கொடைக்கானலுக்குப் போய்வந்து ஏரியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்பீர்கள். நான் ஏரிப் பக்கமே போகவில்லை. 3.10 வண்டியில் ஏறினேன். மலை இறங்க இறங்கக் குளிர் விட்டது, பழனியில் புழுக்கமாக இருந்தது. 6.25க்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியே பார்த்தால், கார்த்திகா உள்ளிருந்து இடது கையால் தாழ்ப்பாளை நீக்க முயன்றுகொண்டிருந்தாள். அது எப்போதுமே இறுக்கமான தாழ்ப்பாள். நேரம் பிடித்தது. 'இன்னொரு கையையும் போடும்மா' என்று வாய் வரை வந்தது. சொல்லாமல், திறக்கும் வரை வாசலில் நின்றேன்.