சூடத்துல கொதிச்ச டீ

எங்க சித்தப்பாகிட்ட ஒரு பை இருந்துச்சு. இப்ப பிள்ளைங்க மலையேறப் போறப்ப முதுகுல மாட்டுறாங்களே, அந்த மாதிரி. கடையில வாங்கினது இல்ல. லோரிக்கு மேல போத்துற கேன்வாஸ வெட்டி, செந்தூல் ரயில்வே பட்டறையில சாப்பாட்டு நேரத்துல உக்காந்து அவரே தச்சது. தோள் பட்டைக்கு, கழிச்சுப் போட்ட ரயில் பெட்டியில ஜன்னல இழுக்குற தோல் வார எடுத்துக்கிட்டாரு.

உள்ள இருக்குற சாமானெல்லாம் சௌகிட் பக்கம் ஒரு சீன ஆளு கடையில வாங்கினது. ஆர்மிக்காரங்க வேணான்னு தள்ளுனத அங்க குமிச்சு வச்சு விப்பாங்க. ஒரு தண்ணி போத்தல், ஒரு அலுமினியப் பாத்திரம், கூடாரம் மாதிரி கட்டிக்கிற பச்சை மழைத்துணி, கயிறு, ஒரு காம்பஸ். அந்தக் காம்பஸ் ஊசி கொஞ்சம் சோம்பேறி. ரெண்டு தட்டு தட்டுனாத்தான் வடக்கு எதுன்னு சொல்லும். ஷூ மட்டும் புதுசு. ரப்பர் மரத்துல பால் வெட்டுறவங்க போடுற கறுப்பு ரப்பர் ஷூதான், அடியில முள்ளு முள்ளா இருக்கும், பாசிக் கல்லுலயும் வழுக்காது. இந்த வயசு வரைக்கும் நான் வேற ஷூவ நம்புனதில்ல. சரி, அது வேற கதை.

நாங்க இருந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. ரெண்டு ரூம்பு, ஒம்பது பேரு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகல, அதனால அவருக்குன்னு எடம் கெடையாது. நடையில, சைக்கிளுக்குக் கீழ படுப்பாரு. கக்கூசுக்குப் போறவங்க எல்லாம் அவரு காலத் தாண்டித்தான் போகணும். பாதிப் பேரு மிதிச்சுட்டுப் போவாங்க. அவரு கால மடக்கிக்கிட்டுத் திரும்பிப் படுப்பாரு.

சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிஞ்சு வந்து பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சேறும் செவப்புமா திரும்பி வருவாரு. எங்க போறாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஏன்னா எங்க வீட்டுல, வெளிய கெளம்புறவங்கள பாத்து எங்க போறன்னு கேக்கக் கூடாது. கேட்டா போற காரியம் வெளங்காதுன்னு அம்மாவுக்குப் பயம். அம்மா வாசல்ல நின்னு, "தூரமா தம்பி?"ன்னு மட்டும் கேக்கும்.

"பக்கந்தான் அண்ணி"ம்பாரு. அம்புட்டுத்தான். நாலு வருசம் இதே பேச்சு.

அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? கிள்ளான்ல ஒரு பொம்பளை இருக்குன்னாங்க. செமினி பக்கம் ஒரு சாமியாரு சித்தப்பாவ மடக்கிப் போட்டுட்டாருன்னாங்க. அடுத்த வீட்டு அங்கிள் எங்கப்பாகிட்டயே, "தம்பி வேட்டைக்குப் போறாப்ல, கறியத்தான் காணோம்"னு சிரிப்பாரு.

எனக்கு அப்ப ஒம்பது வயசு. ஒரு சனிக்கிழமை, சாமி மாடத்துல இருந்து சித்தப்பா சூடம் பொட்டலத்த எடுக்குறத பாத்துட்டேன். வீட்டுல சூடம் காணாமப் போறதுக்கெல்லாம் அது வரைக்கும் நான்தான் அடி வாங்கிக்கிட்டு இருந்தேன். விடுவேனா? என்னையும் கூட்டிட்டுப் போகலன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்னேன். அவரு, எடத்த யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. அம்மா அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பின்னால போயி தலையில கை வச்சேன். பேன் பாக்குறேன்னு நெனச்சிருக்கும்.

ரவாங் பஸ்ஸுல போயி, பாதியில ஒரு ஒத்தக் கடைகிட்ட எறங்கி, ஆத்தோரமா ஒரு மணி நேரம் மேல ஏறுனோம். அங்க ஒரு பெரிய தட்டைப் பாறை. சித்தப்பா பச்சைத் துணிய ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டுனாரு. மூணு கல்லு வச்சு, நடுவுல சூடத்தக் கொளுத்தி, அலுமினியப் பாத்திரத்துல டீ போட்டாரு. மழை பேஞ்சு ஊறிப் போன காட்டுல வெறகு பத்தாது, சூடம் பத்திக்கும். அதுக்குத்தான் அந்தத் திருட்டு. அப்புறம் கால நீட்டிப் படுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான். வேற ஒன்னுமே நடக்கல. புலி வரும், பொம்பளை வரும்னு எதிர்பாத்து நான் ஏமாந்து போனேன். மறுபடி கூப்பிட்டா போகக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன். அவரும் கூப்பிடல.

நாலஞ்சு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அவரு திரும்பி வரல. அந்த ரெண்டு நாளும் நல்ல மழை. திங்கக்கெழமை காலையில பட்டறையில விசாரிச்சா, அங்கயும் வேலைக்கு வரல. அப்பா போலீஸ் ஸ்டேசனுக்குப் போனாரு. எங்க போனாருன்னு தெரியாம எங்கய்யா தேடுறதுன்னு கேட்டிருக்காங்க. திரும்பி வந்து படியில உக்காந்துட்டாரு. அம்மா, "ஒரு தடவ வாயத் தொறந்து கேக்காம விட்டுட்டேனே"ன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது.

நான் அந்தத் தலையவே பாத்துக்கிட்டு நிக்கிறேன். சொன்னா அம்மா செத்துப்போகும். சொல்லலன்னா சித்தப்பா செத்துப்போவாரு. பள்ளிக்கூடத்துல எனக்குக் கணக்கே வராது, ஆனா அன்னிக்கு ஒரு கணக்குப் போட்டேன். சத்தியம் பண்ணுனது சொல்ல மாட்டேன்னுதானே, நடக்க மாட்டேன்னு இல்லையே.

அப்பா கையப் புடிச்சு இழுத்தேன். "விடுறா, நானே..."ன்னு ஒதறுனாரு. மறுபடி இழுத்தேன். அவரு மொகம் மாறுச்சு. எந்திரிச்சு வந்தாரு.

ரவாங் பஸ்ஸுல ஏறுனோம். அப்பா காதுகிட்ட குனிஞ்சு, "அங்கதான் இருக்கானா?"ன்னாரு. நான் தலைய ஆட்டல. ஆட்டுனாலும் சொன்ன மாதிரிதானே. "ஒனக்கு எப்புடிரா தெரியும்?"னாரு. பேசல. முதுகுல ஒன்னு விழுந்துச்சு. டிக்கெட் போட வந்தவரு பாவப்பட்டு, "பையனுக்கு வாய் பேச வராதாண்ணே?"ன்னாரு.

"இன்னிக்கு மட்டும் வராது"ன்னாரு அப்பா.

ஒத்தக் கடையில எறங்கி நான் முன்னால நடந்தேன். அப்பா வேலைக்குப் போற கால்சட்டையும் சிலிப்பருமா ஆத்தோரம் வழுக்கி வழுக்கி வர்றாரு. அட்டை ஏறி காலெல்லாம் ரத்தம். தம்பி பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. தண்ணி சத்தத்துல எனக்கே கேக்கல. பாதி வழியில கூப்பிடுறதையும் நிறுத்திட்டாரு. அவரு வேற எதையோ நெனச்சுட்டாரு போல.

அப்பத்தான் சூட வாசனை வந்துச்சு.

அப்பா டக்குன்னு நின்னாரு. "இங்க சாமி இருக்குடா"ன்னு சிலிப்பரக் கழட்டுனாரு. ரெண்டு கையும் கூப்பிக்கிட்டாரு. கண்ணுல தண்ணி ஊத்த, என்னமோ முணுமுணுத்துக்கிட்டு, வெறுங்காலோட பாறையச் சுத்தி வந்தாரு. அங்க பச்சைத் துணிக்கு அடியில சித்தப்பா உக்காந்திருந்தாரு. வீங்கிப்போன கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் குச்சி வச்சுக் கட்டியிருந்தாரு. டீ கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு.

கூப்புன கைய எறக்காம அப்பா அப்படியே நிக்கிறாரு. சித்தப்பா அண்ணாந்து பாத்தாரு.

"டீ குடிக்கிறியாண்ணே?"

அப்பா குடிச்சாரு. குடிச்சு முடிச்சுட்டுத்தான் திட்ட ஆரம்பிச்சாரு. மழையில சறுக்கிருச்சு, அரிசி இருக்கு, தண்ணி இருக்கு, வீக்கம் கொறஞ்சா நானே எறங்கி வந்திருப்பேன்னு சித்தப்பா சொன்னாரு. அப்புறம் என்னையப் பாத்து, "சொன்னியா?"ன்னாரு.

"சொல்லல சித்தப்பா."

"ஒரு வார்த்தை சொல்லல, செமத்தியா இழுத்துக்கிட்டு வந்துட்டான்"னாரு அப்பா. அந்தக் கயித்தால சித்தப்பாவ முதுகோட கட்டிக்கிட்டு கீழ தூக்கிட்டு வந்தாரு. காப்பாத்துன எனக்கு ஒரு சிரிப்புகூட இல்ல. சித்தப்பா கழுத்தத் திருப்பி பாறையையே பாத்துக்கிட்டு வந்தாரு.

கால் சரியானதும் அம்மா, தம்பி கெடைச்சா பூசை போடுறேன்னு வேண்டிக்கிட்டத அந்தப் பாறையிலயே நெறவேத்தணும்னுச்சு. லோரி புடிச்சு, குவார்ட்டர்ஸ்ல பாதிப் பேரு, சட்டி பானை, ரேடியோ எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அங்க போனோம். பாறையில மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி, ஒரு பொட்டலம் சூடத்தையும் கொளுத்துனாங்க. நல்ல கோழிக்கறி. அடுத்த வீட்டு அங்கிள், "இவ்வளவு நல்ல எடத்த ஒளிச்சு வச்சிருந்தியே, ஞாயமா லா?"ன்னாரு. சித்தப்பா மேல ஏறி வரல. கால் வலிக்குதுன்னு லோரியிலயே உக்காந்துக்கிட்டாரு. அப்புறம் லீவு வந்தா லோரி அங்கதான் போகும்.

அம்மாவும் மாறிப்போச்சு. சித்தப்பா சிலிப்பரப் போட்டாலே, "எங்க போறீங்க தம்பி?"ன்னு கேட்டுரும். கடைக்கி அண்ணிம்பாரு. கடைக்கித்தான் போவாரு.

ஒரு சனிக்கிழமை அந்தப் பைய நல்லாக் கழுவி, வேலியில காய வச்சு, சாமானெல்லாம் உள்ள அடுக்கி, காம்பஸையும் போட்டு எங்கிட்ட குடுத்தாரு. ஒனக்குத்தான், வச்சுக்கன்னாரு. வாயத் தொறக்காம சத்தியத்தக் காப்பாத்துனதுக்குப் பரிசுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பவே முதுகுல மாட்டிக்கிட்டு வாசலுக்கு ஓடுனேன். பை முட்டிக்கால் வரைக்கும் தொங்குது.

"எங்கடா போற?"ன்னுச்சு அம்மா.

"பக்கந்தான்"னேன்.

நடையில சைக்கிளுக்குக் கீழ படுத்திருந்த சித்தப்பா தலையத் தூக்கி என்னையப் பாத்தாரு. பை பெருசா இருக்குறதத்தான் பாக்குறாருன்னு நெனச்சு, தோல் வார ரெண்டு ஓட்டை இழுத்து இறுக்கிக்கிட்டேன்.