தம்பியின் கழுத்தில் டீச்சர் கை வைத்த காலை

காலை பத்தே முக்கால் மணிக்கு அத்தை காப்பித் தம்ளரோடு முன்னறைக்குள் நுழைந்தார். அதுவரை எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. புது டீச்சர் பாயில் உட்கார்ந்து ஒரு கையால் என் தம்பியின் கழுத்தைப் பிடித்திருந்தார். தம்பியின் கை டீச்சரின் கழுத்தில் இருந்தது. இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. டீச்சர் அவன் முகத்தில் ஊதினார். அத்தை தம்ளரைக் கீழே போட்டார்.

இப்போது நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன மாதம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியபோது, கூப்பிட்டதற்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் அடைப்புத்தான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். சரியாகியும் விட்டது. ஆனாலும் அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று மெல்லப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதை என்னால் இன்னும் விட முடியவில்லை. அப்படி நிற்கும்போதெல்லாம் மலாய் நாட்டுத் துறைமுகத் தீவில், சூலியா தெருவுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீடும் அந்தக் காலையும் நினைவுக்கு வருகின்றன.

யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் எங்கள் வீட்டில் பழி முழுவதும் அவன் நாக்கின் மேல்தான் விழுந்திருந்தது. பேசாத பிள்ளைக்கு நாக்குத் தடித்திருக்கிறது என்பது அத்தையின் முடிவு. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து அவன் நாக்கில் தடவுவார். வேண்டிக்கொண்டு கோயிலுக்கு மணியும் வாங்கிக் கட்டியாயிற்று. மணி நன்றாகவே ஒலித்தது. தம்பியைத் தவிர எல்லாருக்கும் கேட்டது.

அத்தை அப்பாவின் அக்கா. மாமா நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. இந்த முறை அத்தை வந்ததே தம்பியைக் கூட்டிக்கொண்டு போகத்தான். "மாடு மேய்க்க நாக்கும் வேணாம், காதும் வேணாம். என்கூட அனுப்பிடு" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா மறுக்கவில்லை. அம்மாதான் ஒரு மாதம் தவணை கேட்டு, எங்கெங்கோ விசாரித்து இந்த டீச்சரைப் பிடித்தார். அந்த மாதத்துக்குள் ஏதாவது பலன் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் தம்பி தோட்டத்துக்கு.

டீச்சர் புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷன் குமாஸ்தாவின் மகள், வேதக்காரர். அவருடைய அக்காவுக்கும் காது கேட்காது. அக்காவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே கப்பலேறி நாகப்பட்டினம் போய், திருநெல்வேலிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் அக்காவுக்குக் கல்யாணமாகி இடுப்பில் ஒரு பிள்ளை. படிக்க நேரமில்லை என்று கையாலேயே சொல்லிவிட்டாராம். அதனால் டீச்சர் மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் போகத் தொடங்கினார்.

அத்தைக்கு இந்தப் படிப்பெல்லாம் பொருட்டில்லை. டீச்சரின் பொழுதுபோக்குத்தான் அவரை உறுத்தியது. சனிக்கிழமை மாலைகளில் டீச்சர் பாடாங் மைதானத்தின் கடலோரச் சுவரில் சீனக் கிழவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து தூண்டில் போடுவார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு தூண்டில் போட்டா மாப்பிள்ளையா மாட்டும்?" என்று அத்தை ஒரு நாள் அவர் காதுபடவே கேட்டார்.

"மாட்டுனா திரும்பக் கடல்லயே விட்டுருவேன்க்கா" என்றார் டீச்சர். அன்றிலிருந்தே அத்தை ஒரு குற்றத்துக்காகக் காத்திருந்தார். அது அந்தக் காலையில் கிடைத்தது.

"புள்ள கழுத்த நெரிக்கிறா" என்று அவர் போட்ட கூச்சலில் சந்து முழுவதும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. தம்பியைப் பிடித்து இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். இழுத்த வலியில்தான் அவன் அழத் தொடங்கினான். கூட்டத்துக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"நெரிக்கலக்கா. அவனுக்குச் சத்தத்தக் காட்டுறேன்" என்றார் டீச்சர்.

"சத்தத்தக் காதுல காட்டு. கழுத்துல என்னா லா காட்டுறது?"

"காதுதான் கேக்கலியே. பேசும்போது தொண்டை அதிரும். அது கைக்குத் தெரியும்."

"அப்ப மூஞ்சில ஊதுனது? பொமோகிட்டயும் படிச்சியோ?"

மந்திரித்து ஊதும் மலாய் வைத்தியரைத்தான் பொமோ என்பார்கள். ‘ப’ என்று சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வரும், அதைத்தான் பிள்ளையின் கன்னத்தில் உணர்த்தினேன் என்று டீச்சர் விளக்கினார். வாசலில் நின்றவர்கள் ஆளுக்கொரு முறை உள்ளங்கையை வாயருகே வைத்து ‘ப’ சொல்லிப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா, காத்து வருது" என்றார் பால்காரர்.

அத்தை அவரை முறைத்தார். அவரையே உடனே சைக்கிளில் போய், துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவை அழைத்துவரச் சொன்னார். பிறகு உள்ளே போய் தம்பியின் துணிகளை மூட்டை கட்டினார். மத்தியானப் படகிலேயே அக்கரை போய் ரயில் பிடிக்கப் போவதாக அறிவித்தார். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தைக்கு எதிரே அதுவரை வாய் திறந்தறியாத அம்மா, கரண்டியோடு வந்து வாசலை மறித்து நின்றார்.

"இவங்க அப்பா வர்ற வரைக்கும் உக்காருங்க டீச்சர்."

டீச்சர் உட்கார்ந்தார். மூட்டையும் தயாராக இருந்தது. அம்மா வாசலை விட்டு நகரவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அப்பா ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பால்காரர் வழி நெடுக யோசித்துச் செய்தியைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். அப்பாவின் முகம் அப்படி இருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே தம்பியின் முன் மண்டியிட்டு, மோவாயை நிமிர்த்திக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

கழுத்தில் கை பட்டதும் பாடம் தொடங்கிவிட்டது என்று தம்பி நினைத்துக்கொண்டான். அழுகையை நிறுத்தினான். அப்பாவின் கையைத் தன் தொண்டையில் சரியான இடத்துக்கு நகர்த்தி வைத்தான். தன் கையை அப்பாவின் தொண்டையில் வைத்தான். "பா" என்று கரகரத்த குரலில் சொன்னான். சொல்லிவிட்டு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி அப்பாவின் முறை.

கூட்டத்தில் யாரோ "அப்பான்னு சொல்றான்" என்றார்கள்.

"இல்லீங்க" என்றார் டீச்சர். "வெறும் எழுத்துதான். இன்னும் அதுவரைக்கும் வரல."

அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. அவர் கை தம்பியின் கழுத்திலேயே இருந்தது. தம்பியின் உள்ளங்கைக்குக் கீழே அவருடைய தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. எங்கள் எல்லாரிடமும் பேசும் அப்பா தம்பியிடம் ஒரு சொல்லும் பேசி நான் பார்த்ததில்லை. அவன் மேல் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். அத்தை தடுக்கவில்லை.

கடைசியில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் ஏன் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"நான் பேசுனாலும் இவனுக்குத் தெரியுமா, டீச்சர்?"